இரண்டு பிரிட்டிஷ் கார்களும் நான் எழுதிய அறிக்கையும்

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் தஞ்சாவூரில் இருந்துகொண்டு, உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயராகப் பணியாற்றியவன். மோட்டார் வாகனம், இயந்திரம் ஆகிய இரு பிரிவுகளிலும் எனக்கு உரிமம் இருந்தது. சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவர் என்று எண்ணிப் பட்டாவோடு என் வீட்டுக்கு வந்தவர்கள் பலர். அவர்களைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். விபத்துக்குள்ளான பேருந்து, வாய்க்காலில் கவிழ்ந்த டிராக்டர், எரிந்துபோன ஆலை மோட்டார் போன்றவற்றைப் பார்வையிட்டு, என்ன நேர்ந்தது, எதனால் நேர்ந்தது, சேதம் எவ்வளவு என்று எழுதித் தருவதே என் தொழில். நான் கையொப்பமிட்ட அறிக்கை எதுவும் எந்த நீதிமன்றத்திலும் தள்ளப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது, பின்னால் வருவதைப் படிப்பவர்களுக்கு உதவும்.

இப்போது செல்பேசியில் அனுப்பப்படும் படங்களைப் பார்த்தே சேதத்தை மதிப்பிடும் முறை வந்துவிட்டது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, ஓய்வு பெற்றவன். ஆனால் நம் சர்வேயர் சங்கத்தின் இளைய உறுப்பினர்கள் சிலர் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்கள். நன்னிலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் இருந்த இரண்டு அபூர்வ பிரிட்டிஷ் கார்களைப் பற்றியும் என்னைப் பற்றியும் ஒருவர் அதில் பேசுகிறார். "சார், நெஜமாவே அதை ஓட்டினீங்களா?" என்பதே அழைத்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிடச் சங்க மலரில் ஒருமுறை எழுதிவிடுவது முறை என்று தோன்றியது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருச்சியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தேன். என் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். பிறகு தஞ்சாவூரில் மூத்த சர்வேயராக இருந்த தங்கசாமி அவர்களிடம் மூன்று ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன்.

தங்கசாமி முழுக்கை வெள்ளைச் சட்டை அணிவார். பட்டறையில் உட்காரமாட்டார்; அங்கே தரும் தேநீரைத் தொடமாட்டார். ஒரு வாகனத்தை மூன்று முறை சுற்றிவருவது அவருடைய வழக்கம். முதல் சுற்றில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். அந்தச் சுற்றில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாதவர்போல் நடப்பார். இரண்டாம் சுற்றில் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டு, அசைத்து, தேவைப்பட்டால் நகத்தால் கீறிப் பார்ப்பார். கைகளைக் கழுவித் துடைத்த பிறகு மூன்றாம் சுற்று. அப்போதுதான் பேனாவின் மூடி திறக்கும்.

குறிப்பேட்டில் சுற்றுக்கு ஒன்றாக, ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று பத்திகள் போட்டுக் கொடுத்திருந்தார். அம்மாபேட்டையில் ஒரு பேருந்தைப் பார்த்துவிட்டு வந்து என் குறிப்பை நீட்டினேன். இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தது.

"ரெண்டு எங்க?" என்றார்.

"சார், அச்சு முறிஞ்சு கிடக்கறது கண்ணுக்கே தெரியுதே."

"அது ஒண்ணு. ரெண்டு எங்க?"

நான் மறுபடியும் அம்மாபேட்டைக்குப் பேருந்து ஏறினேன். அச்சு முறிவதற்கு முன்பே சக்கரத்தின் நட்டுகளில் இரண்டு கழன்றிருந்ததை அன்று விரலால்தான் கண்டுபிடித்தேன். தங்கசாமி அதைப் பாராட்டவில்லை. குறிப்பை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

அவரோடு சென்ற இன்னொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். திருவாரூர் பக்கத்து ஆலை ஒன்றில் மோட்டாரை இயக்கும் ஸ்விட்சுகள் ஆண்டுக்கு இருமுறை எரிந்துகொண்டிருந்தன. மின்வாரியத்தின் மேல் பழி சொன்னார் ஆலைக்காரர். தங்கசாமி செம்புத் தொடுமுனை ஒன்றை நகத்தால் கீறினார். கரி பிடித்ததுபோல் கறுப்பாக இருந்தது. ஆனால் அது தீயால் வந்த கறுப்பன்று, எரியாத முனைகளும் அப்படியே கறுத்திருந்தன. அவர் ஆலைக்காரரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "எப்ப மருந்து வச்சீங்க?" நெல் மூட்டைகளில் வண்டும் எலியும் வராதிருக்கத் தார்ப்பாயால் மூடி உள்ளே மாத்திரை வைப்பார்கள். அதிலிருந்து எழும் வாயு பூச்சியைக் கொல்லும்; ஈரக்காற்றோடு சேர்ந்தால் செம்பையும் அரிக்கும். ஸ்விட்சுப் பெட்டி கிடங்கின் சுவரிலேயே இருந்தது. அந்த வேலை அத்துடன் முடிந்தது.

இனி அந்தக் கார்கள்.

ஞானமுத்து லண்டனில் நெடுங்காலம் தொழில் செய்து பொருளீட்டியவர். ஊர் திரும்பி நன்னிலம் பக்கத்தில் அரிசி ஆலை நடத்தினார். வரும்போது, உரிய வரியெல்லாம் செலுத்தி, இரண்டு கார்களைக் கப்பலில் வரவழைத்தார். ஹைப்பர்கார் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தவை. ஒன்று வெள்ளி நிறம், மற்றொன்று கரும்பச்சை. இரண்டுமே மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டு, பிறகு நிறுத்தப்பட்டவை. அவர் காலமானபோது ஆலையும் வீடும் மகன் டேவிட்டுக்கு என்று உயில் இருந்தது. இரண்டு கார்களையும் இரண்டு வேலி, அதாவது பதின்மூன்று ஏக்கர் நஞ்சையையும் மகனும் மகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்.

பாகம் பிரிப்பதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பங்கு பிரிப்பார். இளையவர் முதலில் எடுப்பார். மிச்சம் தனக்கு என்பதால் பிரிப்பவர் சமமாகவே பிரிப்பார் என்பது அதன் பொருள். டேவிட் உறவினர் முன்னிலையில் இப்படிப் பிரித்தார்: வெள்ளிக் கார் தனியே ஒரு பங்கு, பச்சைக் காரும் நிலமும் சேர்ந்து மறுபங்கு. வெள்ளிக் காரை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார். அது ஒன்றே அந்த அளவுக்குப் பெறும் என்பது எல்லோருடைய எண்ணம். நாள் குறித்து, அன்று தங்கை எடுப்பதென்றும், அதற்கு முன் ஒரு நடுவர் இரண்டு கார்களையும் ஒப்பிட்டு அறிக்கை தருவதென்றும் முடிவாயிற்று. என்னை அழைத்தார்கள். அப்போது நான் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து ஓராண்டு ஆகியிருந்தது.

தங்கை ஸ்டெல்லா கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். அப்பாகிட்டேர்ந்து எனக்கு வர்றது இது ஒண்ணுதான். எல்லாரும் வெள்ளியை எடு, வெள்ளியை எடுங்கறாங்க. நீங்க எழுதறதைப் படிச்சுட்டுத்தான் கையை வைப்பேன்."

தொட்டது தொட்டதுதான், மாற்ற வழியில்லை. ஆகவே நான் எழுதும் வரிகளை நம்பியே அவருடைய பங்கு இருந்தது.

தாளில் உள்ளபடி ஒப்பீடு கடினமானதன்று. வெள்ளிக் காரில் எட்டு சிலிண்டர் டர்போ இன்ஜினோடு ஒரு மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். நின்ற இடத்திலிருந்து வேகமெடுப்பதில் அதற்கு ஈடான வண்டிகள் உலகிலேயே சில. பச்சைக் காரில் டர்போ இல்லை, மின்மோட்டார் இல்லை; பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், கையால் மாற்றும் கியர். வேகமெடுப்பதில் வெள்ளிக்கு ஒரு படி கீழே. ஆனால் எடை குறைவு. ஓட்டுபவர் கையில் முழுமையாக இருக்கும் வண்டி என்று அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சேகரிப்பு மதிப்பு வேறு கணக்கு. எத்தனை செய்தார்கள், முதல் பூச்சு அப்படியே இருக்கிறதா, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தயாரிப்பாளரின் கடிதத்தோடு பொருந்துகின்றனவா, இரண்டு சாவிகளும் பராமரிப்புப் புத்தகமும் உண்டா என்பவை பார்க்கப்படும். இவற்றில் இரண்டு கார்களுமே குறையற்றவை. மின்மோட்டார் சேர்ந்த முதல் தலைமுறை என்பது வெள்ளிக்குச் சிறப்பு. கையால் கியர் மாற்றும் கடைசித் தலைமுறை என்பது பச்சைக்குச் சிறப்பு. பச்சையை நல்ல கருவிகளும் பொறுமையும் உள்ள ஒரு மெக்கானிக் இன்னும் ஐம்பது ஆண்டு ஓடவைக்கலாம். வெள்ளிக்குத் தயாரிப்பாளரின் கணினியும் மின்கலமும் வேண்டும்.

முதல் நாள் டேவிட் இரண்டையும் ஆலையின் நெற்களத்தில் ஓட்டிக் காட்டினார். அந்தக் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிதான். ஆலை வாசலில் இருக்கும் வேகத்தடையையே அவை தாண்ட முடியாது. களத்தில் புழுங்கல் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பச்சைக் கார் உறுமிக்கொண்டு களத்தின் கடைசி வரை போய்த் திரும்பியது.

"இம்புட்டு சத்தம் போட்டுட்டு இவ்வளவு தூரந்தான் போகுதா?" என்றார் ஒரு பெண்.

"நம்ம டில்லர் தேவலாம்டி. அதாச்சும் வயல்ல எறங்கும்."

"பேசாம இருங்க, சின்னய்யா காதுல விழப்போவுது."

வெள்ளிக் கார் ஓடும்போது அதன் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மின்மோட்டார் சேர்ந்துகொள்ளவில்லை. "சார்ஜ் எறங்கியிருக்கும் சார், வேறொண்ணும் இல்ல" என்றார் டேவிட். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கிடங்கில் அதை நிறுத்திய பிறகு நான் அருகே சென்றபோது, "கையை வைக்காதீங்க சார், ரேகை விழுந்துடும்" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பேனாவைத் திறந்தேன்.

இதை மறைக்கப் போவதில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் செய்யாத ஒன்றை அன்று செய்தேன். அப்படியொரு வண்டியை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன் முன்னால் பட்டறைக்காரனாக நிற்க எனக்கு மனமில்லாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து முன்வரைவையும் எழுதினேன்: செயல்திறனில் வெள்ளி முதலிடம், சேகரிப்பு மதிப்பில் இரண்டும் சமம்.

மறுநாள் காலை, நகல் எடுப்பதற்காகக் குறிப்பேட்டைத் திறந்தேன். பச்சைக் காருக்கு இரண்டாம் பத்தி நிறைந்திருந்தது; இருக்கையின் தோலை ஓர் ஓரத்தில் எலி கடித்திருந்ததுவரை குறித்திருந்தேன். வெள்ளிக் காருக்கு இரண்டாம் பத்தி வெறுமையாக இருந்தது. முன்வரைவைக் கிழித்துவிட்டு நன்னிலம் புறப்பட்டேன்.

டேவிட் வெளியே போயிருந்தார். ஆலையின் மேற்பார்வையாளர் கலியபெருமாள் கிடங்கைத் திறந்துவிட்டார். ஆலை தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்மூடியைத் திறக்கச் சொன்னேன். மின்கலத்திலிருந்து காரின் சட்டகத்துக்கு வரும் செம்புப் பட்டையை நகத்தால் கீறினேன். கறுப்பு. அடுத்த இணைப்பு, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கைக்கு எட்டிய இணைப்புகள் எல்லாம் கறுத்து, சில பச்சை பூத்திருந்தன. பின்சக்கரத்தின் ஓரத்தில், மடித்த காகிதத்தில், சாம்பல் நிறத் தூள் ஒரு பிடி கிடந்தது.

"எப்ப மருந்து வச்சீங்க?" என்றேன்.

கலியபெருமாள் மறைக்கவில்லை. "போன மாசம் சார். வருசத்துக்கு மூணு தடவை வைப்போம். எலி ஒயரைக் கடிச்சுடும்னு பெரியய்யா இருக்கும்போதே சொல்லிட்டாங்க. வெள்ளி வண்டிதான் ஒசத்தி, கண்ணு மாதிரி பாத்துக்கன்னாங்க. வெதநெல்லுக்கு எப்படிச் செய்வமோ அப்படியே செஞ்சேன். தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரம் பூரா மணல் பை வச்சு, ஒரு பொட்டுக் காத்து வெளிய போவாம."

"பச்சை வண்டிக்கு?"

"அது லாரி கொட்டகையில கெடந்துச்சு. அதை யாரும் கண்டுக்கல சார்." சற்று நின்று, "எதுனா தப்பா சார்?" என்றார்.

"அறிக்கையில் எழுதுவேன்" என்றேன்.

நெல்லுக்கு அப்படிச் செய்வதில் பிழையில்லை. செய்தது நெல்லுக்கல்ல என்பதுதான் பிழை. வெள்ளிக் காரின் மின்பகுதி முழுவதும் நுண்ணிய செம்பு இணைப்புகளால் ஆனது. எத்தனை கெட்டிருக்கின்றன என்பதைத் தயாரிப்பாளரின் ஆட்கள் வந்து முற்றிலும் பிரித்துப் பார்த்தால் அன்றிச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்த்த காருக்குச் சேகரிப்பாளர் உலகில் முன்பிருந்த மதிப்பு இல்லை.

அறிக்கை நாளுக்கு முந்தைய நாள் பிற்பகல் டேவிட் என் வீட்டுக்கு வந்தார். நான் நகத்தால் கீறியதையும் மருந்தைப் பற்றிக் கேட்டதையும் கலியபெருமாள் சொல்லியிருக்கிறார். என் மனைவி வைத்த காப்பியை அவர் தொடவில்லை.

"சார், நான் ஒண்ணும் மாத்தி எழுதச் சொல்லல. என் பிரதியை இன்னிக்கே குடுங்க, போதும்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு பேருக்கும் தர்றேன்."

"நான் பிரிச்சப்ப எனக்கு இது தெரியாது சார். தெரியாமப் பிரிச்சதை இன்னிக்கே சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுத் திரும்பப் பிரிச்சுடுவேன். அது நியாயந்தானே?"

அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவருக்குத் தெரிந்தும் மற்றவருக்குத் தெரியாமலும் ஓர் இரவு கழிவதற்கு என் அறிக்கை காரணமாக முடியாது.

"ரெண்டு பிரதி. ஒரே நேரம். அதுக்கப்புறம் திரும்பப் பிரிக்கிறதை உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க."

டேவிட் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க அப்பா எங்க மில்லுல மூட்டை தூக்கினவர்னு எங்கப்பா சொல்லுவாங்க. அதை நீங்க மறக்கலன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். கார்களின் ஒப்பீட்டுக்கு அது தொடர்பற்றது.

மறுநாள் பத்து மணிக்கு ஆலை அலுவலகத்தில், உறவினர் ஆறு பேர் முன்னிலையில், இரு பிரதிகளையும் மேசையில் வைத்தேன். பெற்றுக்கொண்டதாக இருவரும் கையொப்பமிட்டார்கள். ஸ்டெல்லா நான்காம் பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தார்.

"பாஸ்பீன்" என்று அந்த மருந்து வாயுவின் பெயரைச் சொன்னார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "இதை வச்சது யாரு?"

கதவருகே நின்ற கலியபெருமாள் முன்னால் வந்தார். "நான்தாம்மா."

"அப்பா காரை என்ன, நெல்லு மூட்டைன்னு நெனச்சியா?" என்றார் டேவிட்.

"நெல்லுக்கு மேலா நெனச்சுத்தாங்க வச்சேன்" என்றார் கலியபெருமாள்.

டேவிட் தங்கையிடம் திரும்பினார். "ஸ்டெல்லா, இது தெரியாமப் பிரிச்சது. மறுபடி பிரிக்கலாம்."

"அண்ணே, வெள்ளி நல்லா இருந்து, பச்சை கெட்டிருந்தா, மறுபடி பிரிக்கலாம்னு நேத்தைக்கு சார் வீட்டுக்குப் போயிருப்பீங்களா?"

டேவிட் வந்தது எங்கள் வீட்டாருக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும் என்று நான் எண்ணியிருந்தேன். டேவிட்டின் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். ஸ்டெல்லா பச்சைக் காரின் சாவியையும் நிலத்தின் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டார். எழுந்து போகும்போது திரும்பி, "கலியபெருமாளை நிறுத்திடாதீங்கண்ணே. நிறுத்தினா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். பச்சை வண்டியைப் பாத்துக்க ஆள் வேணும்" என்றார். பிறகு கலியபெருமாளைப் பார்த்து, "மருந்து மட்டும் வச்சுடாதீங்க" என்றார். கலியபெருமாள் இன்னும் அந்த ஆலையில்தான் இருக்கிறார்.

அந்த அறிக்கையின் நகல் என்னிடம் உள்ளது. சங்க உறுப்பினர் யாரும் வந்து படிக்கலாம். காணொளியிலும் பிற இடங்களிலும் சொல்லப்படுபவற்றுக்கு என் திருத்தங்கள் வருமாறு.

பச்சைக் கார்தான் வேகமானது என்று நான் தீர்ப்பளித்ததாகச் சொல்கிறார்கள். பழுதற்ற நிலையில் வெள்ளியே வேகமானது என்று அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அன்றைய நிலையில் அதன் செயல்திறனை உறுதிசெய்ய இயலாது என்று நான்காம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு கார்களில் எதையும் நான் ஓட்டவில்லை; உட்காரவும் இல்லை. ஸ்டெல்லாவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தேன் என்கிறார்கள். பெற்றுக்கொண்டதற்கான தாளில் முதலாவதாக இருப்பது டேவிட்டின் கையொப்பம், நேரம் பத்து மணி.

என் தகப்பனார் அந்த ஆலையில் மூட்டை தூக்கியவர் என்றும், அந்தக் குறையை மனத்தில் வைத்து எழுதினேன் என்றும் சொல்கிறார்கள். என் தகப்பனார் மூட்டை தூக்கியவர்தான். அது வலங்கைமானில், வேறொருவருடைய ஆலையில். ஞானமுத்துவின் ஆலைக்கு அடித்தளம் போடுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் இறந்துவிட்டார்.